பாறை அளக்க வந்தவர்

காலை பஸ்ஸில் துறையூர் போகிறவர்கள் வலது பக்கம் உட்காரக் கூடாது, வெயில் முகத்தில் அடிக்கும். ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு அதைச் சொல்லி இடது பக்கம் உட்கார வைத்தவனே நான்தான். அவர்மேல் எனக்குப் பகை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் கிணறு வெட்டும் காண்டிராக்டர். நாற்பது வயதுக்கு மேல்தான் ஸ்ரீரங்கத்தில் இராப்பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தேன். போன மாதம் வருமானவரி நோட்டீஸ் வந்ததும் கணக்கை நானே எழுதினேன். என் பெண்சாதி செல்லக்கிளிக்கு மனசு கேட்கவில்லை.

"தப்பா எழுதி அபராதம் போட்டுட்டாங்கன்னா? பாலக்கரையில ஸ்தனிஸ்லாஸ் சார் வரிக்கணக்கு எழுதுறதே வேலையா இருக்காரு. அவருகிட்ட குடுத்துடுங்க."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கும் கொள்ளிடக் கரைக்குமாக நடந்தேன். கொடுப்பதா, வேண்டாமா? கடைசியில் கொடுத்தேன்.

அவர் வீட்டுக்கே வந்து படித்தார். "என்ன மருதை, இது எழுத்தா, கோழி கிளறினதா?" செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"வெடிமருந்துக்கு இவ்வளவா? பாறையைக் கண்ணால பார்த்து அளக்காம இதை நான் எழுத மாட்டேம்ப்பா."

நியாயம்தானே. துறையூர்ப் பக்கம் வெட்டுகிற கிணற்றுக்கு வந்து பாருங்கள் என்றேன். அதன்பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. சோற்றில் கை வைத்தால் அவள் சிரிப்பு கேட்கும், எழுந்துவிடுவேன்.

வெடி வைத்த கிணற்றில் கெட்ட காற்று தங்கும். எரிகிற விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் யாரும் இறங்க மாட்டோம். சார் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் வெடி வைத்தோம். மறுநாள் ஆட்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செல்லக்கிளி மட்டும் சோற்று வாளியோடு எங்களுடன் வந்தாள்.

சார் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது விளக்கை இறக்கினேன். பாதி ஆழத்தில் அணைந்தது. மேலே இழுத்து, திரும்பக் கொளுத்தி, மரக்கிளையில் மாட்டினேன்.

"பட்டப்பகல்ல எதுக்குய்யா விளக்கு?"

"எங்க வழக்கங்க."

இடுப்பில் கயிறு கட்டி, அளக்கும் டேப்போடு அவரை மெல்ல இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து குரல் வந்தது. "மருதை... மூச்சு முட்டுது... இழுப்பா..."

"ஐயோ, இழுங்க," என்று செல்லக்கிளி ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"பொறு. சார் இன்னும் அளந்து முடிக்கல."

அவளிடம் நான் பொய் சொல்லவில்லை, ஐயா. தூக்கும்போது நீங்களே பார்த்தீர்கள், டேப் பாதிதான் விரிந்திருந்தது.