டயருக்கு நேர்ந்த தேங்காய்

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"செல்வி சைக்கிள் டயருல காத்துப் போகணும்னு மாரியம்மனுக்குத் தேங்கா நேர்ந்திருந்தேன்" என்றாள் ஒருத்தி.

"அவ ஒனக்கு என்னாடி செஞ்சா?"

"நம்ம தோட்டத்து லயத்து வீடுங்கள்லருந்து அவ மட்டும் சைக்கிள்ல வேலைக்குப் போறா. எறக்கத்துல இந்த பஸ்ஸ முந்துறப்ப மணி வேற அடிக்கிறா."

"சாயந்தரம் ஏத்தத்துல தள்ளிக்கிட்டுத்தான வர்றா."

"தள்ளுனா என்னா. கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்கலயே."

"நேத்து டயருல காத்துப் போயி பஸ்ஸுலதான வந்தா? நேர்த்தி பலிச்சிருச்சே."

"பலிச்சிச்சு. என் பக்கத்துலதான் நசுங்கிக்கிட்டு நின்னா. 'தெனமும் இப்புடியாக்கா வர்றீங்க, பாவம்'னு சொல்றா."



"அப்ப தேங்கா?"

"ஒடைக்க மாட்டேன்."