பச்சைப் புள்ளி

அந்தப் புகைப்படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன், சார். கல்லூரி ஆய்வகத்தில் எடுத்தது. பின்னால் தொங்கிய யாருடைய குடையையோ வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். ஆய்வாளர்களுக்கான அந்த இணையதளத்தில் படம் தெளிவாக இருந்தால்தான் பேராசிரியர்கள் நின்று பார்ப்பார்கள் என்று, வழிகாட்டி என்ற முறையில் நீங்களே என் மகளிடம் சொன்னீர்களாம்.

அவளுக்கு அதிலெல்லாம் பொறுமை கிடையாது. நானோ கணக்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். சாயக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றிய அவளுடைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக ஏற்றினேன். அதே பெயருள்ள வேறு ஒருத்தி எழுதிய பல் மருத்துவக் கட்டுரையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நீக்கப் போனேன். "இருக்கட்டும்மா, நான் பல்லும் புடுங்குவேன்னு நினைச்சுக்கட்டும்" என்று சிரித்தாள்.

படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சலை மூடிவிடுவார்கள் என்பதால் புது முகவரி ஒன்று திறந்து, அந்தப் பக்கத்திலும் விண்ணப்பங்களிலும் அதையே கொடுத்தோம். அது என் கைபேசியில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டதுதான்.

"நான் பாக்க மாட்டேன்மா, பாத்தா அன்னிக்கு வேலையே ஓடாது. நல்லது வந்தா மட்டும் சொல்லு."

முதலில் எழுதியவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெண் பேராசிரியர். கட்டுரையைப் படித்ததாகவும், முனைவர் படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் தர விரும்புவதாகவும் சொல்லியிருந்தார். என் கணவர் வேலைக்கென்று தூரதேசம் போய், பெட்டியில் திரும்பி வந்தவர். அதனால் அந்தக் கடிதத்தில் நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. குடும்பச் சூழலால் வர இயலாது என்று மகள் பெயரில் மரியாதையாகப் பதில் எழுதினேன். பிறகு கூப்பிட்ட இடங்களுக்கும் அதேதான்.

மாலையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள், "ஏதாவது வந்துச்சா?" இல்லை என்பேன். நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டாள். வாசலில் நின்று என் முகத்தை மட்டும் பார்ப்பாள். உங்கள் பரிந்துரையில்தான் குறை இருக்குமோ என்று நீங்கள் வருத்தப்பட்டதைக்கூட வந்து சொன்னாள். "சார் பாவம்மா, பழிய தன் மேல போட்டுக்கிறாரு." அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாப்பாடு ஆறிவிடும் என்று எழுந்து போனேன்.

பெயின்ட் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான், அவள் சித்தப்பாவிடம் சொல்லி. பேருந்தில் உட்கார்ந்து கண்ணயர்வதற்குள் வந்துவிடும் தூரம். ரசாயனப் பீப்பாய்கள் தீப்பிடித்த அன்று, எங்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டே புகையைப் பார்த்தேன். அவ்வளவு பக்கத்தில்தான் அவளை வைத்திருந்தேன்.

வந்ததும் வராததுமாக நீங்கள் கேட்டீர்கள்: "அவ போய் ஒரு வருஷமாச்சேம்மா. அந்த வெளிநாட்டு மேடம், உங்க மாணவி வரேன்னு எழுதிட்டாங்கன்னு சந்தோஷமா எனக்குச் சொல்றாங்க. எழுதுறது யாரு?"

நான்தான். அவள் கட்டுரைகளை இன்னும் யார் யாரோ படிக்கிறார்கள். அந்தத் தளம் தெரிவித்தபடி இருக்கிறது. பதில் போடாமல் எப்படி இருப்பது? அவள் அறைக் கணினியில் அவளுடைய பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, சமையலறைக்கு வந்து கைபேசியில் என் கணக்கிலிருந்து பார்ப்பேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒளிரும். இணைப்பில் இருக்கிறாள் என்று அர்த்தம். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அந்த அறைப் பக்கம் போக மாட்டேன். சில நாள் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும்.

அந்தப் பேராசிரியர் இந்த வருஷமும் எழுதினார், வீட்டு நிலைமை சரியாகிவிட்டதா என்று விசாரித்து. சரியாகிவிட்டது, வருகிறேன் என்று எழுதிவிட்டேன். அங்கே குளிருமாம், கம்பளிச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

உண்மையை எழுதி அந்த இடத்தை வேண்டாமென்று சொல்லச் சொல்கிறீர்கள். அது மட்டும் முடியாது, சார். பெற்றவளே மகள் படிப்புக்குக் குறுக்கே நிற்கலாமா?