மாஸ்க் கழுவும் வேலை

“பெரிய மார்க்கெட் மீன்கடை சத்தம்கூட தேவலாங்க. உங்க கொறட்டை தாங்கல.”

“அப்போ அந்த ரூம்ல போய்ப் படு.”

“போனா, நடுவுல மூச்சு நிக்கும்போது யாரு தட்டி எழுப்புறது?”

“என் உசுரு உன் ரெண்டு விரல்லதான் இருக்குதுன்னு சொல்லு” என்று சிரித்தார் என் கணவர் லூர்துநாதன்.

மூலக்குளம் வீட்டுக்குக் குடிவந்த புதிதில் பேசியது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன். குறட்டை சட்டென்று நிற்கும். மார்பில் தட்டுவேன். திணறி மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் தூங்கி விழுவேன்.

2006-ல் பாரிஸிலிருந்து லீவில் வந்த மகன் ஜூலியன் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனான். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறதாம். மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டால் ஒரு மெஷின் காற்றை அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். ஒரு ராத்திரிகூட விடக்கூடாது என்றார் டாக்டர்.

மெஷின் வந்த மறுநாள் காலையில் அவர் தலைவலி இல்லாமல் எழுந்து, தானே காபி போட்டார். “பாவம் நீ, ஆரோக்கியம். இனிமே அந்த ரூம்ல நிம்மதியா தூங்கு” என்று என் பேரைச் சொல்லிச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். நான் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் நன்றாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மாஸ்க் கழுவுவது என் வேலை. கான்வென்ட்டுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுப்பதால் என்னிடம் மெல்லிய ஊசி உண்டு. மூக்குத்தண்டில் படியும் ரப்பர் ஓரத்தில் வரிசையாகக் குத்தினேன். கண்ணுக்குத் தெரியாது. காற்று மட்டும் கண்ணில் அடிக்கும். அவரே கழற்றிப் போட்டுவிடுவார். நான் பழையபடி பக்கத்தில் படுத்துக்கொள்வேன்.

ஜூலியன் வேறு மாஸ்க் அனுப்பினான். அதையும் கழுவினேன். டாக்டர் அவரைத்தான் திட்டினார். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “இவ நல்லாத்தான் கழுவி வெக்கிறா டாக்டர். எனக்குத்தான் சரியா போட்டுக்கத் தெரியல” என்றார்.

எனக்கும் வயதாகிறது. ஒரு நாள் என் விரல்கள் தூங்கிவிட்டன. காலையில் அவர் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை எழவில்லை. பக்கவாதம். இப்போது ஊட்டுவதும் துடைப்பதும் நான்தான். உன்னை மாதிரி யார் பார்ப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மைதானே.

நேற்று புது மாஸ்க் வந்தது. கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் இடது கையால் என் புடவையைப் பிடித்தார். மாதக்கணக்கில் வாயில் வைத்திருந்ததை ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினார்.

“இதுலயாவது... ஊசி குத்தாதம்மா.”