இடைவெளி சாரின் பதினொரு வினாடி

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் சாரின் துணைவியார் அவர்களே! மகளாகிய அக்கா அவர்களே! கைப்பேசியை மௌனமாக்க மறந்த பெருமக்களே! முதலில் ஒரு துயர அறிவிப்பு. நம் மொழி ஆய்வகத்தின் ஏழாம் எண் ஹெட்போன், இன்று காலை ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்கு, இடது காது உடைந்து உயிர் நீத்தது. கொலையாளி யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் அரபு ஆசிரியரை 'இடைவெளி சார்' என்றே அழைத்தோம். ஏன்? வானிலைச் செய்தி, ரயில் நிலைய அறிவிப்பு, மீன் சந்தைக் கூச்சல் என்று எதையெல்லாமோ அரபியில் பதிவு செய்து அனுப்புவார். ஒரு வரி வாசிப்பார். திரையில் அந்த வரி மஞ்சளாகும். பிறகு பதினொரு வினாடி பேசமாட்டார். அதற்குள் நாம் வாசிக்க வேண்டும். அந்த மௌனத்தை அவர் வெட்டி ஒட்டியதே இல்லை. நிஜமாகவே உட்கார்ந்து காத்திருப்பார். நாற்காலி கிறீச்சிடும். மூச்சு கேட்கும்.

"எதுக்கு சார் இவ்ளோ நேரம் வேஸ்ட் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"அது என் நேரம் இல்லப்பா. உன் நேரம்."

அப்படிக் காத்திருக்க வேறு யாரால் முடியும்? யாரால் முடியும்?

பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன்: வீட்டில் வாசித்து அனுப்பும் பதிவுகளில் ஆறு மாதமாக இருபதுக்கு இருபது எனக்குத்தான்! "எங்கயோ கேட்ட குரலா இருக்கேப்பா" என்று ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்புவார்.

சார் நம்மை விட்டுப் போய் ஒன்பது நாள். ஆனால் ஆண்டு முழுவதற்குமான பாடங்களுக்கு முன்பே நாள் குறித்து வைத்திருக்கிறார். இன்று காலை சரியாக ஒன்பது மணிக்கு அவர் குரல் வந்தது. இருபது பேர் தலைகுனிந்து, இல்லாதவருக்கு வாசித்துக் காட்டினோம். மன்னிக்கவும், பத்தொன்பது பேர். நான் வாய் திறக்கவில்லை. பதினொரு வினாடி. நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு கேட்டது. அடுத்த வரி வரவில்லை. இன்னொரு பதினொரு வினாடி. பிறகு என் காதுக்குள்:

"ஏழாம் நம்பர், ஒரு தடவையாவது உன் குரல்ல வாசியேன்பா. நான் எங்கயும் போகல."

ஹெட்போன் சுவரில் போய் விழுந்தது.

"டேய், உனக்கும் கேட்டுச்சா?" என்று பக்கத்து இருக்கையில் கேட்டேன்.

"என்னடா உளர்ற? அடுத்த வரி வந்துடுச்சே!"

சற்றுமுன் வாசலில் அக்கா சொன்னார்: "உனக்கு மட்டும் அப்பா தனியா பதிவு பண்ணி வச்சிருக்காருப்பா. இன்னும் முப்பத்தொரு பாடம் இருக்கு."

சபையோரே, சாரின் பதிவையே எடுத்து, ஒரு செயலியில் அந்தக் குரலுக்கு நாற்பது வயது குறைத்து, என் பெயரில் அனுப்பி வந்தேன். ஆறு மாதமாக அவர் தன் குரலுக்கே மதிப்பெண் போட்டார். தெரிந்தேதான் போட்டார்.

'சாரின் பணியைத் தொடர்வோம்' என்று முழங்கத்தான் மேடையேறினேன். தொடர எனக்கு என்ன தகுதி? அரபியில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது. அடுத்த பாடம் திங்கட்கிழமை. அதற்குள் யாராவது எனக்கு முதல் எழுத்திலிருந்து சொல்லிக்கொடுங்கள்.

அவர் காத்திருக்கிறார்.