பெரியண்ணன் என்ன சாப்பிட்டார்

வெளிநாட்டுச் சாப்பாடு நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லாரும் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது, ஐயா. ஐந்து நாளில் வயிறு ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை. நான் மெதுவாகப் பேசுகிறவன், நடுநடுவே நிறுத்திவிடுவேன். கதை கட்டுவதற்காக நிறுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். கதை கட்டுவது என் வேலையாக இருந்ததில்லை.

அது பெரியண்ணனின் வேலை. நாங்கள் சித்திரக்கதை போடுகிறவர்கள். அவர் எழுதுவார், நான் வரைவேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேசை, ஒரே வீடு. இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. தங்கை ஒருத்தி ஒரு நாள் ரயில் பயணத் தூரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கையும் மூளையும் மிஞ்சின. இனி புத்தகம் வராது என்றார்கள். வந்தது. நான் பென்சிலில் கட்டங்களைப் போட்டுக் கட்டிலுக்கு மேலே பிடிப்பேன். அவர் இடக்கையில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு சுவரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் தப்பு, மாற்று. ஒரு பக்கம் முடிவதற்குள் நாற்பது ஐம்பது தட்டு விழும். சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்கும். அங்கே இருக்கும் தையற்கார அக்கா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"என்ன தம்பி, நேத்து முழுக்க ரெண்டு ரெண்டா விழுந்துச்சே. அண்ணன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க போல."

"பேச்சுதான் போச்சுக்கா, குத்தம் சொல்றது போகல."

உள்ளேயிருந்து சுவரில் இரண்டு தட்டு கேட்கும். மூன்று பேரும் சிரிப்போம். அண்ணன் சிரிப்பது தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்படிச் செய்த புத்தகத்துக்குத்தான் அழைப்பு வந்தது. கடல் தாண்டி ஒரு பெரிய சித்திரக்கதை மாநாடு. அழைப்பில் இருவர் பெயரும் இருந்தன. அண்ணன் அதை மார்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தார். பிறகு நான் எதுவும் கேட்காமலே ஒரு தட்டுத் தட்டினார். போய்வா என்று.

வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்திருந்தேன். வியாழக்கிழமை விடியும்போது, பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது, அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு. நான் ஆஸ்பத்திரியில நிக்கிறேன். ஒரு வாரத்துக்கு வர முடியாதுப்பா. உங்க பயணம் என்ன ஆகும்?"

"பரவாயில்லம்மா, நான் போகல. நீங்க பொண்ணைப் பாருங்க."

அதைச் சொன்னபோது பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றது. பால் பொங்கி அடங்குகிற நேரம் சமையலறையில் நின்றிருப்பேன். பிறகு ரொட்டியையும் வாழைப்பழத்தையும் தண்ணீர் பாட்டில்களையும் அண்ணனின் இடக்கைப் பக்கம் அடுக்கினேன். ஒற்றைக் கையால் திறக்க வேண்டுமே என்று மூடிகளைத் தளர்த்தி வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

"நர்ஸம்மா பத்து மணிக்கு வந்துடுவாங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தட்டு. எங்கள் கதவு இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை.

பேச்சு இருந்த காலத்தில் அண்ணன் எனக்கு ஒன்று சொல்லியிருக்கிறார். "கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல வெள்ளையா ஒரு இடம் விடுற பாரு, அங்கதான்டா கதை நடக்குது. அதை நீ வரையாத. படிக்கிறவன் பாத்துக்குவான்." விமானத்தில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். ஒரு கட்டத்தில் நான் கதவைச் சாத்துகிறேன். அடுத்த கட்டத்தில் திறக்கிறேன். நடுவில் வெள்ளை.

மாநாடு ஒரு கப்பல் நிறுத்தலாம் போன்ற மண்டபத்தில் நடந்தது. சித்திரக்கதைப் பாத்திரங்களைப் போல அட்டை இறக்கை கட்டிக்கொண்டும் முகத்தில் நீலம் பூசிக்கொண்டும் பெரியவர்களே வரிசையில் நின்றார்கள். நம் மொழி தெரிந்த ஒரு பெண்ணை எனக்குத் துணைக்கு வைத்திருந்தார்கள். மேடையில் அவள் என் பக்கம் குனிந்தாள்.

"சார், படம் உங்களுது. கதை யாருதுன்னு கேக்குறாங்க."

"ரெண்டும் நான்தான்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். மண்டபம் கை தட்டியது. இந்த ஐந்து நாளில் நான் மிகவும் வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான் என்று ஒன்றிரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தங்கிய இடத்துக்குப் பக்கத்தில், துறைமுக ஓரமாக, ஆறு மேசை போட்ட ஒரு கடை. ஒரு பெண்மணி கரியடுப்பில் மீனைச் சுட்டு, வெண்ணெய் தடவி, எலுமிச்சை பிழிந்து கொண்டுவருவார். கூடவே ஏதோ கீரை போட்ட சூப்பும் சூடான ரொட்டியும். ஆறு வருஷமாக நான் நின்றுகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன், ஐயா. அண்ணனுக்கு மசித்து ஊட்டி, வாய் துடைத்து, துணி மாற்றி, ஆறிப்போன மிச்சத்தை அடுப்போரம் நின்று விழுங்குவேன். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். என் வாய்க்கும் தட்டுக்கும் நடுவே இன்னொருவர் வாய் திறந்து காத்திருக்கவில்லை. முதல் நாள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது காரம் இல்லாத சாப்பாடு.

சாயங்காலமானால் தங்கை கூப்பிடுவாள்.

"சின்னண்ணா, அந்த நர்ஸம்மா நம்பரைக் குடு. நானே பேசிக்கிறேன்."

"அவங்களை ஆளாளுக்கு நச்சரிக்காத. இப்பதான் பேசி வெச்சேன்."

"பெரியண்ணன் என்ன சாப்பிட்டாரு?"

என் முன்னால் தட்டு இருந்தது. "சூப்பு. அப்புறம் மீனு. முள்ளெல்லாம் எடுத்துக் குடுத்தாங்களாம். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாராம்."

"அட, நீ ஊட்டினா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரே" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும் சொன்னேன். அவளிடம் சொன்ன சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கற்பனை கிடையாது. எல்லாம் நான் சாப்பிட்டது.

தையற்கார அக்கா கொடுத்த வாக்குமூலத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் தண்ணீர் கேட்டேன், நீங்கள் கொடுத்தீர்கள். குடிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே சுவரில் தட்டுச் சத்தம் கேட்டிருக்கிறது. இரண்டு இரண்டாக, பகலெல்லாம். "ஊருக்குப் போறது நின்னுபோச்சு போல, ரெண்டு பேரும் மும்முரமா வேலையில இருக்காங்கன்னு நெனச்சேன். தொந்தரவா இருக்கக் கூடாதேன்னு மிஷினைக்கூட மெதுவா ஓட்டினேன். திங்கக்கிழமை காலையில ஒத்தை ஒத்தையா விழுந்துச்சு. அப்பாடா, பக்கம் சரியா வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்." அவரைத் திட்டாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் உண்டு என்று இத்தனை வருஷத்தில் நாங்கள் அவருக்குக் காட்டியதில்லை.

மாநாடு சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் எனக்கு விமானம். ஏறியிருந்தால் திங்கட்கிழமை விடியும்போது வீட்டில் இருந்திருப்பேன். ஞாயிறு காலை பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டேன். யாரையாவது பார்க்க வேண்டியிருந்ததா என்று கேட்டீர்கள். யாரும் இல்லை. கடலோரம் நடந்தேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பசித்தபோது அந்தக் கடைக்குப் போனேன்.

திங்கள் மத்தியானம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தை அந்த ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். நான் அந்தக் கடையில்தான் இருந்தேன்.

உங்கள் தாளில் 'அலட்சியத்தால்' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டு நாளாக அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். பாட்டில்களை அடுக்கியவன் நான். எவ்வளவு சிக்கனமாகக் குடித்தாலும் சனிக்கிழமையோடு தண்ணீர் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பயணத்தைத் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போதும், நான் கதவைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும், நான் ஒன்றும் செய்ததாகவும் இருக்காது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். ஒரு நிமிஷம்கூட அவரை நான் மறக்கவில்லை, ஐயா.

அந்தத் திங்கட்கிழமை, தட்டு காலியானதும் கடைப் பெண்மணி வந்து, இன்னும் ஒரு துண்டு வைக்கட்டுமா என்று கைஜாடையில் கேட்டார். வைக்கச் சொன்னேன்.