இருதயராஜின் இடது புருவம்

நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். கைக்குட்டையை இன்னும் மூக்கிலிருந்து எடுக்கவில்லை. கவலைப்படாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பதினைந்தாம் நாள் நாற்றம் போய்விடும். அதாவது நாற்றம் இங்கேயேதான் இருக்கும், உங்களுக்குத்தான் போய்விடும். பிறகு வேலூருக்குப் போனால் அங்கே காற்றில் ஏதோ குறைகிறதே என்று தோன்றும்.

என் பெயர் சத்தியநாதன். வயது இருபத்தொன்பது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ரைட்டர். யார் வேலைக்கு வந்தான், யார் வரவில்லை என்று எழுதுகிறவன். உங்கள் ரைட்டருக்குக் கை வலிக்காதபடி மெதுவாகவே சொல்கிறேன். ஒரே தொழில்காரர்களுக்குள் அந்த மரியாதை உண்டு. வேலூரில் இன்டர்மீடியட் படித்தேன். தர்க்கப் பாடத்தில் மட்டும் தேறவில்லை. ஆனாலும் நான் சொல்வதில் ஓர் ஒழுங்கு இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

முந்தாநாள் நீங்கள் பிடித்துவந்தீர்களே, பேரணாம்பட்டு குர்ஷித், அவன் அதைச் செய்யவில்லை. இருதயராஜ் அண்ணனுடைய கண்ணில் அவன் சுண்ணாம்பு போடவில்லை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணனை அந்தக் காலத்தில் பார்த்திருக்க வேண்டும். சுண்ணாம்புக் குழியிலிருந்து நனைந்த எருமைத் தோலை இரண்டு ஆள் சேர்ந்து இழுப்பார்கள். அவர் ஒருவரே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பீடிக்கு நெருப்பும் கேட்பார். ஜோலார்பேட்டை ரயில்வே துரைகள் யாரோ பார்த்துவிட்டு, கையில் கிளவுஸ் மாட்டி மேடையில் ஏற்றிவிட்டார்கள். இருநூற்றுப் பத்து ராத்தல். ஹெவிவெயிட் என்று அதற்குப் பெயர். இந்த ஜில்லாவில் அந்த எடைக்கு எதிராளி கிடைப்பதே கஷ்டம். கிடைத்தவனுக்கு முதலில் ஆறு மாசம் சாப்பாடு போட வேண்டும்.

பத்து வருஷம் சண்டை போட்டார். அந்தப் பத்து வருஷத்தில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுக் கழன்றுகொண்டது. வலது கையில் இரண்டு எலும்பு ஒரு ரயில் எஞ்சின் ஃபயர்மேனின் தாடையில் உடைந்து, கோணலாகக் கூடியது. இடது காது பணியாரம் மாதிரி உப்பியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் மதராஸில் எவனோ ஒருவனுடைய கட்டைவிரல் வலது கண்ணில் புகுந்தது. அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு வெளிச்சம், இருட்டு இரண்டுதான் தெரியும். இதெல்லாம் அவரை நிறுத்தவில்லை. நிறுத்தியது இடது புருவம். ஏழு தடவை தைத்த இடம். யாராவது உரக்கப் பேசினாலே பிளந்துகொள்ளும். பிளந்தால் ரத்தம் வழிந்து, மிச்சமிருக்கிற நல்ல கண்ணை மூடிவிடும். போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே வருஷம் அவர் மனைவி ஆக்னஸ் காலராவில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஓய்வு பெற்றார்.

எனக்கு அது நல்ல வருஷம்.

தவறாக நினைக்கக் கூடாது. எனக்கு அப்பா அம்மா கிடையாது. மிஷன் போர்டிங்கில் வளர்ந்தேன். ஷாப்பில் இருநூறு பேர் இருக்கிறார்கள். வருகைப் பதிவில் பெயர் விட்டுப்போனால் என்னிடம் வந்து பேசுவார்கள். சில நாள் நானே வேண்டுமென்று ஒரு பெயரை விட்டுவிடுவதும் உண்டு. என் அறை, தோல் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால். ஒரு சாயங்காலம் அண்ணன் அங்கே வந்து, பேப்பரில் குத்துச்சண்டைச் செய்தி இருந்தால் படிக்கச் சொன்னார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படித்தேன். மறுநாளும் வந்தார். அப்படியே ஐந்து வருஷம் வந்தார்.

பேப்பரில் தினமும் குத்துச்சண்டை இருக்காது, ஐயா. வாரத்துக்கு ஒன்று இருந்தால் ஜாஸ்தி. மீதி நாளுக்கு நானே தயாரித்தேன். ரங்கூனில் ஒரு சண்டை, சிகாகோவில் ஒரு சண்டை. ஒரு போலந்துக்காரனை மூன்று வருஷம் தோற்காமல் வைத்திருந்தேன். அண்ணன் அவனைப் பற்றியே பேச ஆரம்பித்ததும் ஒரு டிராம் வண்டியில் அடிபட வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோவிலில் அவனுக்காக மெழுகுவத்தி ஏற்றினார்.

போன தை மாசம் பஞ்சாட்சரம் என்பவர் வந்தார். வேலூரில் கூடாரம் போட்டுச் சண்டை நடத்துகிற காண்ட்ராக்டர். குர்ஷித் என்று ஒரு புது ஆள் கிளம்பியிருக்கிறான், இருபத்துநாலு வயசு, அவனுக்கு எதிரே நிற்க எடையுள்ள ஆள் இல்லை, ஈஸ்டர் கழித்துக் கோட்டை மைதானத்தில் ஒரு சண்டைக்கு இறங்க முடியுமா என்று கேட்டார். வலது கண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. அன்று அண்ணன் செய்தி படிக்கச் சொல்ல மறந்துவிட்டார்.

"அஞ்சு வருசமா செத்துப்போயிருந்தேன் ரைட்டரே," என்றார். "இப்பத்தான் உசுரு வருது."

அந்த ஐந்து வருஷமும் அவர் என் அறையில்தான் இருந்தார் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

புருவத்துக்கு என்ன செய்வது என்ற யோசனை அவருடையதுதான். "மாட்டுத் தோலு கெட்டியாவுது. என் தோலு இன்னா, அத்தவிட ஒசத்தியா?" என்று கேட்டார். வெளியூர்க்காரரான உங்களுக்காகச் சொல்கிறேன்: பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்புக்குப் போகும். மயிர் கழன்று, ஊதி, தளர்ந்துவிடும். பிறகு நன்றாகக் கழுவி ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போடுவார்கள், அதில் இறுகும். சுண்ணாம்பு முன்னால், பட்டை பின்னால். பட்டை ஏறிய தோலில் மறுபடி சுண்ணாம்பு பட்டால் அந்த இடம் கறுத்து வெடித்துப்போகும். பட்டைத் தொட்டி பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவக்கூட மேஸ்திரி விடமாட்டார்.

தினமும் சாயங்காலம் பழைய வேட்டித் துணியைப் பட்டைத் தண்ணீரில் நனைத்து அந்தப் புருவத்தில் வைத்துக் கட்டினேன். அவர் என் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார், நான் படிப்பேன். முப்பதாம் நாள் புருவம் புதுச் செருப்பு நிறத்துக்கு வந்தது. ஷாப்பில் பலசாலி ஒருவனைக் கூப்பிட்டுக் குத்தச் சொன்னோம். பிளக்கவில்லை. குத்தியவன்தான் கையை உதறிக்கொண்டான். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. தர்க்கத்தில் தேறியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

சண்டைக்கு நாலு நாள் இருக்கும்போது பஞ்சாட்சரம் வந்து புருவத்தைத் தட்டிப் பார்த்தார். கதவு வாங்குகிறவர் மரத்தைத் தட்டுவது மாதிரி. ஜெயித்தால் பெங்களூர், அப்புறம் கொழும்பு, சிங்கப்பூர், ஒரு வருஷம் டூர் என்றார். அவர் போனபிறகு, நானும் வரட்டுமா என்று அண்ணனைக் கேட்டேன்.

"நீ எதுக்கு? ஷாப்பப் பாத்துக்க. நான் லெட்டர் போடறேன்."

எழுதத் தெரியாதவர். அதை அப்போது சுட்டிக்காட்டுவது நாகரிகமாகப் படவில்லை.

கடைசி மூன்று நாள் துணியைச் சுண்ணாம்புத் தெளிவில், அதாவது குழியில் மேலாகத் தெளிந்து நிற்கிற தண்ணீரில், நனைத்துக் கட்டினேன். எரிகிறதே என்றார். பட்டை ஏறுகிறது என்றேன். சரி, ஏறட்டும் என்றார். என் நினைப்பு சாதாரணமானது. முதல் இரண்டு ரவுண்டுக்குள் புருவம் வெடிக்கும். சண்டையை நிறுத்துவார்கள். அண்ணன் வீடு திரும்புவார். தையல் ஏழு இருந்த இடத்தில் எட்டு ஆகும். இதில் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பார்த்தேன். பஞ்சாட்சரத்துக்கு மட்டும்தான்.

நினைத்தபடி இரண்டாவது ரவுண்டில் வெடித்தது. நடுவராக இருந்த பட்டாளத்து சார்ஜண்ட் நிறுத்தத்தான் பார்த்தார், அண்ணன் விடவில்லை. மூன்றாவது ரவுண்டில் குர்ஷித்தை இரண்டு தடவை கீழே தள்ளினார். மூக்கை உடைத்தார். முகமெல்லாம் ரத்தத்தோடு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து வருஷத்தில் என் அறையில் அவர் அப்படிச் சிரித்ததில்லை. நாலாவது ரவுண்டு தொடங்கியதும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புருவத்திலிருந்த சுண்ணாம்பு வேர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போய்விட்டது. விபத்து.

அதை எழுதிவிட்டாரா உங்கள் ரைட்டர்? அடித்துவிடச் சொல்லுங்கள். வாக்குமூலம் என்று வந்தபிறகு அரைகுறையாக இருக்கக் கூடாது. காய்ந்துபோன தெளிவு ஒரு கண்ணை அப்படிச் செய்யாது. அண்ணனுடைய மூலையில் முக்காலி போட, தண்ணீர் கொடுக்க, ஸ்பாஞ்சால் துடைக்க இருந்த ஆள் நான். என் பையில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. அதில் இருந்தது தெளிவு இல்லை. அடியில் தங்குகிற கெட்டிச் சுண்ணாம்புப் பால். எதற்காகக் கொண்டுபோனாய் என்று கேட்பீர்கள். வானம் வெளுத்திருக்கும்போதும் குடை எடுத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது ரவுண்டு முடிந்து வந்து உட்கார்ந்தார். ரத்தத்தைத் துடைத்தேன். கண்ணைத் திறங்கண்ணே, கழுவி விடறேன் என்றேன்.

அவருக்கு இருந்தது அந்த ஒரு கண். என்னைப் பார்த்துக்கொண்டே திறந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் இருந்தார். சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று டாக்டரம்மா கண்டுபிடித்தார். குர்ஷித்தும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன், கை பட்டு கிளவுஸில் ஒட்டியிருக்கும், பாவம் அவனுக்கே தெரிந்திருக்காது என்று அண்ணனே ஒரு காரணம் சொன்னார். நான் மறுக்கவில்லை.

பிறகு என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். வைகாசி, ஆனி இரண்டு மாசம். என் தோளில் கை வைத்துக்கொண்டு நடப்பார். அந்தக் கை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியாது. படுத்திருக்கும்போது திடீரென்று, "ரைட்டரே, இருக்கியா?" என்பார். இருக்கேண்ணே என்பேன். அதற்குமுன் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் போலந்துக்காரனைக்கூட உயிரோடு கொண்டுவந்தேன். டிராம் விபத்துச் செய்தி தவறு என்று பேப்பரில் திருத்தம் போட்டிருப்பதாகப் படித்தேன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆடி மாசம் குர்ஷித் வந்தான். கையில் பேரீச்சம்பழம். அண்ணனைப் பார்த்ததும் அழுதான். அண்ணன் அவன் முகத்தைத் தடவி, தான் உடைத்த மூக்கு நேராகக் கூடியிருக்கிறதா என்று பார்த்தார். கூடவில்லை. இருவரும் சிரித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தான். பிறகு வாரத்தில் மூன்று நாள். அந்த மூன்று ரவுண்டையும் ஒவ்வொரு அடியாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பேசுவார்கள்.

"வயித்துல வுட்டியே ஒண்ணு," என்பார் அண்ணன். "மொதநாள் தின்னதெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு."

"நீங்க வுட்டதுல எனக்கு எங்கம்மா பேரே மறந்துபோச்சுண்ணே. மேடைய வுட்டு எறங்கித்தான் கேட்டுக்கினேன்."

இந்தப் பேச்சில் நான் எங்கே நுழைவது? என்னை யாரும் அடித்ததில்லை, ஐயா. போர்டிங்கில்கூட வாத்தியார் பிரம்போடு என்னைத் தாண்டிப் போய் அடுத்தவனை அடிப்பார். ஒருநாள் பேப்பரைப் பிரித்தேன். அண்ணன் கையை நீட்டி அதை மூடினார். "இன்னைக்கு வாணாம் ரைட்டரே. தோஸ்த் வந்துகிறான், பேசிக்கினு இருக்கோம்."

அந்த வாரம் உங்களுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. குர்ஷித் வேண்டுமென்றே கிளவுஸில் சுண்ணாம்பு தடவினான் என்று. இடது கையால் எழுதினேன். மூன்று எழுத்துப்பிழை வேண்டுமென்று வைத்தது. நாலாவது இருந்தால் அது என் அசட்டை. நீங்கள் அவன் பையைப் பார்த்தீர்கள், சுண்ணாம்பு இருந்தது. சுண்ணாம்புக் குழிக்காரனுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாலும் இருக்கும்.

இனிமேல் அண்ணன் மனசு நொந்து என்னோடு இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பிடவே இல்லை. அவன் அடித்த அத்தனையும் உடம்பில் வாங்கினவன் நான், அவன் அப்படிப்பட்டவனா என்று எனக்குத் தெரியாதா என்றார். நேற்று யார் தோளையோ பிடித்துக்கொண்டு பேரணாம்பட்டுக்குப் போய், குர்ஷித்தின் அம்மா ஹலீமா பீ வீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆக, குர்ஷித் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி. இன்று காலை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் கேட்டார்.

"கண்ணத் தொறன்னு சொன்னப்போ, கை நடுங்குச்சா ஒனக்கு?"

"இல்லண்ணே."

"நடுங்கல," என்றார். "எவ்ளோ பதமாக் கழுவுறான் பாரேன்னு நெனச்சேன்."

அப்புறம், ஸ்டேஷனுக்கு வழி சொல்லு என்றார். நான் தோளைக் கொடுத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வெயில் கடுமை, சுவரோரம் நிழல் இருந்தது, அதற்காக இருக்கும். வாசல் பெஞ்சு வந்ததும், உள்ளே போய் இதையே சொல்லு, நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன் என்றார். கோபம் இருந்தால் ஒரு மனுஷன் காத்திருப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே? இங்கேயா? சரி. ஒரு சின்ன உதவி மட்டும் கேட்கிறேன். குர்ஷித்தை விடும்போது பின்வாசல் வழியாக விட்டுவிடுங்கள். அண்ணனுக்குக் கண் தெரியாது. முதலில் வெளியே வந்து யார் தோளைக் கொடுத்தாலும், நான்தான் என்று நினைத்துக்கொண்டு கூடவே போய்விடுவார்.