காலியாக நின்ற மூன்று கட்டங்கள்

ஸ்ரீதேவி: ...தெரியலைன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயேன் அக்கா. அதையே பிடிச்சுண்டு உக்காந்திருக்கே.

காமாக்ஷி: ஆயுசு பூரா மேடைல ஜோடியாப் பாடின ரெண்டு பேர். சங்கீதக் குறுக்கெழுத்துல ஒரு மூணெழுத்து தெரியலைன்னா வெக்கமா இல்ல? இன்னொரு தடவை கேளு. மேலிருந்து கீழ், ஏழு. "இருக்கும்போது யாருக்கும் தெரியாது, போனால் சபைக்கே தெரியும்."

ஸ்ரீதேவி: ...தெரியல.

காமாக்ஷி: எனக்கும் தெரியல.

ஸ்ரீதேவி: அப்போ விடு.

காமாக்ஷி: இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லு. நறுக்கற ஹுரளிக்காயோட பேசறியா, என்னோட பேசறியா?

ஸ்ரீதேவி: விடுன்னேன்.

காமாக்ஷி: கத்து. சரஸ்வதிபுரம் பூராக் கேக்கட்டும். தொண்டை போயிடுத்துன்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறே. இப்படிக் கத்தினா எப்படி சரியாகும்?

ஸ்ரீதேவி: பேசறதுக்கு வருது. பாடறதுக்குத்தான் வரலை.

காமாக்ஷி: டாக்டர் என்ன சொன்னார்னு சொன்னே?

ஸ்ரீதேவி: எத்தனை தடவை அக்கா... ரெஸ்ட் எடுக்கச் சொன்னார். ஞாயித்துக்கிழமை ராமநவமிக் கச்சேரி வேண்டவே வேண்டாம்னுட்டார்.

காமாக்ஷி: எந்த டாக்டர்? நான் வரேன்னப்போ வேண்டாம்னுட்டு நீ மட்டும் போனியே, அவரா?

ஸ்ரீதேவி: உனக்கு முட்டி வலி. ஆட்டோல ஏறி இறங்கி எதுக்கு அலையணும்? சாயங்காலத்துக்குள்ள பசவராஜுக்குப் பாடலைன்னு சொல்லிடலாம். பாவம், சபா செக்ரட்டரின்னு பேரு, பேனரும் அவரேதான் அடிக்கக் குடுக்கணும்.

காமாக்ஷி: நான் இன்னும் சரின்னு சொல்லலை.

ஸ்ரீதேவி: சொல்லு.

காமாக்ஷி: இடமிருந்து வலம், ஒண்ணு. "ரசிகர்கள் எழுந்திருக்க, கேன்டீன்காரர் சிரிக்க, தோல் பேசும்." ஒன்பது எழுத்து.

ஸ்ரீதேவி: தனியாவர்த்தனம். வேறென்ன?

காமாக்ஷி: நம்ம மிருதங்கம் சந்துருகிட்ட சொல்லிடாதே. அழுதுடுவான்.

ஸ்ரீதேவி: அவனே தனி முடிஞ்சதும் எண்ணிப் பாக்கறவன்தானே, எத்தனை பேர் திரும்பி வந்தான்னு.

காமாக்ஷி: அவனுக்காவது ஜனங்க காப்பிக்குத்தான் எழுந்து போனா. சங்கராந்திக் கச்சேரில நமக்கு... பாட்டு நடுவுலயே எழுந்து போனா.

ஸ்ரீதேவி: அது என்னால. என் தொண்டையால. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், முடிஞ்சு போச்சு.

காமாக்ஷி: அன்னிக்கு அந்தக் குண்டு மைக்கை எவன் கொண்டு வந்து வெச்சான்? உன் மூஞ்சில பாதி தெரியல.

ஸ்ரீதேவி: மைக் என்ன பண்ணித்து? நல்ல மைக்தான். அடுத்தது படி. எனக்கு அலுப்பா இருக்கு.

காமாக்ஷி: எனக்கு மட்டும் என்ன, துள்ளிக் குதிக்கறதா? காலைல எழுந்திருக்கறச்சயே சாயங்காலம் மாதிரி இருக்கு. இந்தக் குறுக்கெழுத்து ஒண்ணுதான் மாசத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ்லேர்ந்து வருது... பத்து, இடமிருந்து வலம். "வெற்றிலையில் கிள்ளி எறிவதோடு மந்திரம் சொல்லிச் சேர்த்தால் பெரிய ராகம்." நாலெழுத்து.

ஸ்ரீதேவி: வெத்தலைல கிள்ளி எறியறது காம்பு.

காமாக்ஷி: மந்திரம் சொல்லின்னா ஓதி. காம்பு, ஓதி... காம்போதி. நன்னாப் போட்டிருக்கான்டி இவன். யாரோ தெரியல, வயசானவனாத்தான் இருக்கணும்.

ஸ்ரீதேவி: ம்.

காமாக்ஷி: பாத்தியா, அந்த மூணெழுத்துக்குக் கடைசி எழுத்து கிடைச்சுடுத்து. "தி".

ஸ்ரீதேவி: "தி"ல முடியறது ஆயிரம் இருக்கு.

காமாக்ஷி: ஒண்ணு சொல்லேன்.

ஸ்ரீதேவி: ...ஆரத்தி.

காமாக்ஷி: அது நாலு.

ஸ்ரீதேவி: அப்போ நீ சொல்லு.

காமாக்ஷி: சமாதி.

ஸ்ரீதேவி: அக்கா, நல்ல பேச்சுப் பேசு.

காமாக்ஷி: போனா சபைக்கே தெரியும்னு போட்டிருக்கானே. சரியாத்தானே இருக்கு? எழுதிடட்டுமா?

ஸ்ரீதேவி: வேண்டாம். காலியாவே இருக்கட்டும். நமக்கென்ன, பரிசா தரப்போறான்?

காமாக்ஷி: சரி. இருக்கட்டும்... நான் ஒண்ணு யோசிச்சேன்.

ஸ்ரீதேவி: என்ன?

காமாக்ஷி: உனக்குத்தானே தொண்டை சரியில்லை. ஞாயித்துக்கிழமை நான் தனியாப் பாடிட்டு வந்துடறேனே.

ஸ்ரீதேவி: வேண்டாம்.

காமாக்ஷி: ஏன்? எனக்கென்ன குறைச்சல்?

ஸ்ரீதேவி: குறைச்சல்னு யார் சொன்னா? நாம எப்பவாவது தனித்தனியாப் பாடியிருக்கோமா? ரெண்டு பேர் பேரையும் சேர்த்துத்தானே போடறா. பாதி பேரை என்னன்னு போடறது?

காமாக்ஷி: காமாக்ஷின்னு போடறது.

ஸ்ரீதேவி: விளையாடாதே அக்கா. நீ தனியா அந்தப் பந்தல்ல உக்காந்து... யாராவது ஏதாவது சொல்லி... என்னால தாங்க முடியாது. சத்தியமாத் தாங்காது. ஆய்த்து, ரெண்டு பேரும் பாடலை. இத்தனை நாள் பாடினது போறும்.

காமாக்ஷி: யாராவது ஏதாவதுன்னா என்ன சொல்லுவா?

ஸ்ரீதேவி: ...ஒண்ணுமில்ல. ஜனங்க வாய். நீ படி.

காமாக்ஷி: கண்ணைத் துடை. மொளகா நறுக்கின கையா?

ஸ்ரீதேவி: ஆமா.

காமாக்ஷி: ஹுரளிக்காய் நறுக்கினவளுக்கு மொளகா எங்கேர்ந்து வந்துது... சரி. கடைசி ஒண்ணு. மேலிருந்து கீழ், ரெண்டு. "உருளும் சாமானுக்குப் பின்னால் குரு நேராகச் சொல்லித் தராத ராகம்." சேர்த்து ஆறெழுத்து.

ஸ்ரீதேவி: பந்து. நேராச் சொல்லித் தராதது வராளி. பந்துவராளி.

காமாக்ஷி: அப்பா எனக்கே வராளி நேராச் சொல்லலை, தெரியுமோ? ரயில்வே குவார்டர்ஸ்ல என்னைச் சமையல் உள்ளுக்குப் போடின்னு அனுப்பிச்சுட்டு, கூடத்துல தனக்குத்தானே பாடிக்கற மாதிரி பாடினார். கதவு இடுக்குல நின்னு பிடிச்சுண்டேன்.

ஸ்ரீதேவி: எனக்கு மட்டும் நீ எதிர்ல உக்கார வெச்சு நேராவே சொல்லிக் குடுத்தே.

காமாக்ஷி: கதவு இடுக்குல நிக்கற பொறுமை உனக்கு எங்கடி இருந்தது? அப்பா ஆபீஸ் போனதும் சொல்லிக் குடுத்தேன். சாயங்காலமே அவர்கிட்ட பாடிக் காட்டிட்டே, மண்டு.

ஸ்ரீதேவி: அவர் மூஞ்சி போன போக்கு... நேராச் சொல்லிக் குடுத்தா குருவும் சிஷ்யையும் பிரிஞ்சுடுவான்னு ரெண்டு நாள் நம்மோட பேசலை. என்ன ஆயிடுத்து? பிரிஞ்சா போயிட்டோம்? இதோ எதிர்லதான் உக்காந்திருக்கே.

காமாக்ஷி: ஹௌதா, அப்படியா... எதிர்லதான் உக்காந்திருக்கேன்.

ஸ்ரீதேவி: நான் போன் பண்ணிடறேன். ஆச்சரியமா இருக்கு, எதுக்கெடுத்தாலும் பத்து தடவை கூப்பிடற மனுஷன், காலைலேர்ந்து பசவராஜ் ஒரு போன் கூடப் பண்ணலை.

காமாக்ஷி: பண்ண மாட்டார்.

ஸ்ரீதேவி: ஏன்?

காமாக்ஷி: அந்த ரப்பரை எடுத்து அப்படி வை. பென்சில் எங்க... மேலிருந்து கீழ், ஏழு. சு. ரு. தி... முதல் தடவை படிச்சப்பவே உனக்குத் தெரியும்.

ஸ்ரீதேவி: உனக்கும்தானே தெரியும்.

காமாக்ஷி: எனக்கும்தான். ரெண்டு பேரும் எவ்வளவு நேரம்தான் ஊமையா நடிக்கறது? அலுத்துப் போச்சுடி.

ஸ்ரீதேவி: அக்கா, அன்னிக்குப் போனது என் சுருதிதான். தொண்டை கட்டிண்டு...

காமாக்ஷி: உன் தொண்டைக்கு ஒண்ணுமில்லை. வேலைக்கு வர ரங்கம்மா சொன்னா. தினம் மாடில துணி உலர்த்தறச்ச பாடறியாமே. "எஷ்டு சென்னாகி ஹாடுதாரே"ன்னு கன்னடத்துல உருகறா. நீ எவ்வளவு நன்னாப் பாடறேன்னு நம்மாத்து வேலைக்காரி சொல்லி எனக்குத் தெரியறது. மாடிப்படிக்குக் கீழதான் உக்காந்திருந்தேன்.

ஸ்ரீதேவி: உனக்குக் கேக்கலையா?

காமாக்ஷி: கேக்கலை.

ஸ்ரீதேவி: காது கொஞ்சமா மந்தமா இருக்குன்னுதான் நினைச்சேன். அதான் கொஞ்சம் உரக்கப் பேசறேன்... இவ்வளவுன்னு...

காமாக்ஷி: தொண்டை போனவ எதுக்கு இப்படிக் கத்தறான்னு எனக்குப் புரியாதா? அப்புறம் ஸ்நேஹா இருக்காளே, வயலின் பாச்சுவோட பொண்ணு, அவ சங்கராந்திக் கச்சேரியை மொபைல்ல பிடிச்சு வெச்சிருந்தா.

ஸ்ரீதேவி: அதை அழிக்கச் சொன்னேனே.

காமாக்ஷி: அழிக்கறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பிச்சுட்டா. காதுல அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிண்டு, சத்தத்தைப் பூரா வெச்சுண்டு கேட்டேன். அப்படி வெச்சாத்தான் ஏதோ கேக்கறது. முதல்ல சுருதிலேர்ந்து நான்தான் இறங்கினேன். நீ நேராத்தான் நின்னே. பாச்சு வயலின்லேர்ந்து வில்லை எடுத்துட்டான் பாரு, அப்ப நீயும் இறங்கி வந்து என் பக்கத்துல நின்னுண்டுட்டே. வேணும்னுதானே?

ஸ்ரீதேவி: ...ஆமா.

காமாக்ஷி: ஏண்டி?

ஸ்ரீதேவி: நீ தனியாத் தெரிஞ்சே. எல்லாரும் உன்னையே பாத்தா. என்ன பண்றதுன்னு தெரியல, வந்துட்டேன்.

காமாக்ஷி: வந்துட்டு, பழியையும் உன் தலைல போட்டுண்டே. நல்ல சுருதியை எனக்காக விடறதா? அப்பா இருந்தா ரெண்டு பேர் முதுகுலயும் வெச்சிருப்பார்.

ஸ்ரீதேவி: அதனாலதான் சொல்றேன், போறும். பசவராஜ்கிட்ட சொல்லிடறேன்.

காமாக்ஷி: நான் காலைலயே சொல்லிட்டேன். பேனர்ல ஸ்ரீதேவி, பாட்டு. பாச்சு வயலின், சந்துரு மிருதங்கம். அடிக்கக் குடுத்தாச்சு.

ஸ்ரீதேவி: நான் மாட்டேன். நீ பக்கத்துல இல்லாம எனக்குத் தொண்டையே திறக்காது. நிஜமாவே.

காமாக்ஷி: திறக்கும். வராளி நேராச் சொல்லிக் குடுத்தேனே, அதுக்குப் பலன் இவ்வளவு லேட்டா வந்திருக்கு. அவ்வளவுதான். மேடைலதானே பிரியறோம், ஆத்துக்கு ஒரே ஆட்டோலதான் வரப்போறோம்.

ஸ்ரீதேவி: அக்கா... நீ வந்து என்ன பண்ணுவே? அவ்வளவு நேரம், ஒண்ணும் கேக்காம?

காமாக்ஷி: முன்வரிசைல, உனக்கு நேர் எதிர்ல உக்காந்திருப்பேன். அந்தக் குண்டு மைக்கை மட்டும் கொஞ்சம் கீழ இறக்கி வெச்சுக்கோ. அன்னிக்கு அது மறைச்சதாலதான் நான் வழி தவறினேன்... ரெண்டு வருஷமா உன் வாயையும் கழுத்தையும் பாத்துதான்டி நான் பாடிண்டிருந்தேன்.